தும்மலைப் பிடிக்க ஒரு விண்ணப்பம்

நவம்பர் 9

முதல் சுற்றில் தேறிவிட்டோம், தேறிவிட்டோம், இருநூற்றுப் பன்னிரண்டு விண்ணப்பங்களில் மிச்சம் முப்பத்தொன்று, அதில் ஒன்று எங்களுடையது!!!

காலை 9.12க்கு மின்னஞ்சல் வந்தது. நான்தான் முதலில் பார்த்தேன். கத்திக்கொண்டே பட்டறையின் குறுக்கே ஓடிப்போய், வெல்டிங் செய்துகொண்டிருந்த டிர்க்கைக் கட்டிப்பிடித்தேன். என் ஸ்வெட்டரில் மூன்று ஓட்டைகள்.

"ஏய் பேனா! தீயோட விளையாடாத!"

விண்ணப்பம் எழுதுவது என் வேலை என்பதால் டிர்க் எனக்கு வைத்த பெயர் பேனா. மார்னி மின்னஞ்சலை இரண்டு முறை படித்தார். "அடுத்த சுற்றுக்கு அறுபத்துநாலு பக்கமாம்" என்றார். பிறகு போய் ஒரு வால்வைக் கழற்ற ஆரம்பித்துவிட்டார். மனுஷியா இவர்!

நவம்பர் 10

நேற்று எழுதியது ஏதோ பைத்தியம் எழுதியது போல இருக்கிறது. பத்து வருடம் கழித்து நாங்கள் உலகப் புகழ் பெற்ற பிறகு இதைப் படிக்கப்போகும் எனக்காக, இப்போது ஒழுங்காக.

நான் லேசியா. இருபத்துமூன்று வயது. கல்லூரியில் இரண்டு பருவம் மட்டும். மீதி எல்லாம் மார்னி கோவலின் சேனலில் படித்தது. மார்னி இங்கே கனடாவில், வடக்கு அல்பெர்ட்டாவின் எரிவாயுக் கிணறுகளில் பதினொரு வருடம் கருவி மெக்கானிக்காக இருந்தவர். விலை விழுந்தபோது வேலை போயிற்று. சும்மா இருக்காமல் வீடியோ போட ஆரம்பித்தார். ஒவ்வொன்றும் ஒரே மாதிரிதான் தொடங்கும்: "இன்னிக்கு நான் எதை உடைச்சேன்னு வந்து பாருங்க." உடைந்ததைத்தான் முதலில் காட்டுவார். முந்நூற்று நாற்பது வீடியோ, எல்லாம் பார்த்திருக்கிறேன், சில எனக்கு மனப்பாடம். பதினாறு வயதிலிருந்து சம்பளமில்லாமல் அவருடைய கமெண்ட் பகுதியைக் காவல் காத்தேன். போன வருடம் "இங்க வந்து வேல பாக்குறியா?" என்று ஒரு வரி அனுப்பினார். அந்த வரியை அச்செடுத்து வைத்திருக்கிறேன்.

எங்கள் பெட்டி: மின்சாரம் இல்லாத கிணறுகளில் வால்வுகளை அந்த வாயுவின் அழுத்தமே தள்ளித் திறக்கும், மூடும். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் வாயு வெளியே போகும். புஸ். மார்னி அதைத் தும்மல் என்பார். ஒரு தும்மல் ஒன்றுமில்லை. ஒரு வால்வு ஒரு நாளைக்கு ஆயிரம் தடவை தும்மினால்? அப்படி எத்தனை எத்தனை வால்வுகள்? போவதும் மீத்தேன், பூமியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவெல்லாம் அதன் முன்னால் குழந்தை. எங்கள் பெட்டி அந்தத் தும்மலைப் பிடித்து, கிணற்றுக் கொட்டகையைச் சூடாக்கும் அடுப்பில் எரித்துவிடும். அதனால் அதன் பெயர் கைக்குட்டை.

மாகாண அரசு இந்த மாதிரிக் கருவிகளை உருவாக்க மானியம் தருகிறது. கிடைத்தால் பத்துக் கைக்குட்டைகள், இரண்டு குளிர்காலச் சோதனை. கிடைக்காவிட்டால் ஜூனில் பட்டறையின் வாடகை ஒப்பந்தம் முடிகிறது. மார்னி மறுபடி வடக்கே, கிணறுகளின் பக்கத்திலேயே வாரக்கணக்கில் தங்கிப் பார்க்கும் கேம்ப் வேலைக்குப் போக வேண்டியதுதான். அவ்வளவு எளிமை.

நவம்பர் 28

பதினேழாவது கேள்வியில் மூன்று நாளாக நிற்கிறேன்.

"'மீதமுள்ள தொழில்நுட்ப நிச்சயமின்மைகளை விவரிக்கவும்.' என்ன எழுத, மார்னி?"

"தெரியாதுன்னு எழுது."

"இருநூத்தம்பது வார்த்தை கேக்குறாங்க."

"தெரியாது தெரியாதுன்னு இருநூத்தம்பது தடவ எழுது" என்றான் டிர்க், மாஸ்க்குக்குள்ளிருந்து.

மார்னி கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். "மைனஸ் முப்பத்தஞ்சுக்குக் கீழ என்ன ஆகும்னு எனக்குத் தெரியாது. வாயுவுல ஈரம் இருக்கு. எங்கயோ உறையப் போவுது. எங்கன்னு தெரியாது. தெரிஞ்சா அவங்க காசு எனக்கு எதுக்குடி?"

அதையே எழுதினேன், கொஞ்சம் கோட்டு சூட்டு போட்டு.

டிசம்பர் 14

எண்ணெய்க் கம்பெனி ஒன்றின் ஆதரவுக் கடிதம் கட்டாயம். ரஸ் என்ற ஃபோர்மேனை மார்னிக்குப் பழக்கம். ஹாக்கி மைதானத்து காபிக் கடையில் பிடித்தோம்.

"கிணறு வேணுமா? ஒண்ணு எடுத்துக்க, எவனும் பாக்க மாட்டான். லெட்டர் வேணுமா? அதுக்குக் கால்கரி ஹெட் ஆபீஸ்ல எட்டு வக்கீல் உக்காந்திருக்கான்."

மூன்று வாரம் கழித்து இன்று கடிதம் வந்தது. மொத்தம் ஒரே வரி. 'இம்முயற்சிக்கு எங்களுக்கு எதிர்ப்பில்லை.' டிர்க் அதைச் சட்டம் போட்டு மாட்டலாம் என்கிறான்.

ஜனவரி 6

உக்ரேனியர்களான எங்களுக்கு இன்றுதான் கிறிஸ்துமஸ் இரவு. விருந்துக்கு மார்னி வரவில்லை, விண்ணப்பத்தின் 31ஆம் பக்கத்தில் இருக்கிறார். அம்மா அவருக்கு உருளைக்கிழங்குக் கொழுக்கட்டை, எங்கள் பெரோஹி, கட்டிக்கொடுத்தாள். கொடுக்கும்போது:

"அந்தப் பொம்பள உனக்குச் சம்பளம் குடுக்குறாளா, இல்ல ஆட்டோகிராஃப் குடுக்குறாளா?"

கொஞ்சம் இரண்டும்தான்.

ஜனவரி 31

மாலை நான்கு மணி கடைசி நேரம். 3.40க்கு அவர்கள் இணையதளம் படுத்துவிட்டது. அது எழுந்தபோது, கோப்பு பத்து எம்.பி.க்கு மேல் இருக்கக் கூடாதாம், எங்களுடையது பதினொன்று. மார்னியின் புகைப்படத்தை வெட்டினேன். ரஸ்ஸின் கடிதத்தைச் சுருக்கினேன். 3.57. 'பெறப்பட்டது.' தரையில் படுத்துவிட்டேன். டிர்க் என்னைத் தாண்டிப் போய் காபி போட்டான்.

பிப்ரவரி 4

ரஸ்ஸின் கிணற்றுக்குக் குளிர்காலத்தில் மட்டும்தான் பாதை. மற்ற மாதங்களில் அது சதுப்பு, உறைந்தால்தான் டிரக் ஏறும். மார்ச் நடுவில் இளக ஆரம்பித்தால் மூடிவிடுவார்கள். மானிய முடிவோ மே மாதம். அதாவது அரசாங்கம் காசு தருவேன் என்று சொல்லும்போது எங்களால் கிணற்றுக்குப் போகவே முடியாது! இதை யாராவது அவர்களுக்குச் சொன்னார்களா? அதனால் இப்போதே, சொந்தச் செலவில் சோதனை. தரவை மார்ச் 10 வரை கூடுதலாக அனுப்பலாம் என்று விதியில் இருக்கிறது.

இன்று கைக்குட்டையைப் பொருத்தினோம். மைனஸ் முப்பத்துநான்கு. கண் இமை ஒட்டிக்கொண்டது. அழகு! எல்லாமே அழகு!

பிப்ரவரி 12

மைனஸ் முப்பத்தெட்டு. டிரக்கின் கண்ணாடியை இறக்கிவிட்டு ஒரு மணி நேரம் கேட்டுக்கொண்டிருந்தேன். வால்வு டக் என்கிறது, புஸ் இல்லை. டக். டக். டக். ஒரு தும்மல்கூட இல்லை. அழுதுவிட்டேன், அது கன்னத்திலேயே உறைந்தது, அதையும் படம் எடுத்தேன்.

பிப்ரவரி 24

இருபதாம் நாள். அடைத்துக்கொண்டது.

காலையில் பட்டறைக் கணினித் திரையில் கிணற்றின் அழுத்தமானி பூஜ்யம் காட்டியது. நாலு மணி நேரம் ஓட்டிப் போனோம். வெளியேறும் குழாயின் முழங்கை வளைவில், கட்டைவிரல் அளவுக்கு ஒரு பனிக்கட்டி. டிர்க் கேஸ் பர்னரால் இளக்கினான். ஆறு மணி நேரம் வால்வு தும்மிக்கொண்டே இருந்தது. புஸ். புஸ். எனக்கு யாரோ முகத்தில் துப்புவது போல இருந்தது.

மார்னிக்கோ ஒரே சந்தோஷம்!

"பாத்தியா, எங்க உறையுதுன்னு காட்டிக் குடுத்துருச்சு. ரெண்டு வருஷமா இதத்தான் தேடுறேன்."

"ஆனா நின்னு போச்சே, மார்னி."

"நிக்கட்டும். நின்னாத்தான் தெரியும்." பனிக்கட்டியின் பக்கத்தில் ஸ்கேலை வைத்துப் படமெடுத்தார், பிறந்த குழந்தையைப் படமெடுப்பது போல.

மறுபடி ஓடுகிறது. அதுவரை நல்லது.

மார்ச் 2

வீடியோ போட்டேன்! "ஏதாவது போடு, சேனல் காஞ்சு கெடக்கு" என்று மார்னி சொல்லி ஒரு வாரமாகிறது. நாலு நிமிடம் பத்து விநாடி. உறைந்த கண்ணீர், டக் டக் சத்தம், விடியல். இருபதாம் நாளையும் வைத்துப் பார்த்தேன். வேகம் செத்துப்போகிறது. எடுத்துவிட்டேன். தலைப்பு: 'மைனஸ் 38. ஒரு தும்மல்கூட இல்லை. வேலை முடிந்தது.'

மார்ச் 5

நாலு லட்சம் பேர்!!! நார்வேயிலிருந்து ஒருவர் தாய்மொழியில் ஏதோ எழுதி ஆறு இதயம் போட்டிருக்கிறார். 'இந்தப் பெண்களுக்கு அரசாங்கம் உடனே காசு கொடுக்கட்டும்' என்ற கமெண்டுக்குப் பதிமூவாயிரம் லைக். டிர்க்: "அப்ப நான் யாரு, பொண்ணா?"

மார்ச் 9

கூடுதல் தரவு அனுப்பியாயிற்று. பனிக்கட்டிக்கு மார்னி ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியிருக்கிறார், ஸ்கேல் படத்தோடு. "இது தேவையா?" என்று கேட்டேன். "இதுதான்டி நம்ம சொத்து" என்றார்.

மார்ச் 17

பாதையை மூடுகிறார்கள். பெட்டியைக் கழற்றிக் கொண்டுவந்தோம். திரும்பும்போது சக்கரம் அச்சுவரை சேற்றில்.

ஏப்ரல் 3

ஒன்றுமில்லை.

ஏப்ரல் 19

ஒன்றுமில்லை. ஸ்பேம் பெட்டியிலும் பார்த்தேன். அங்கே எனக்கு ஒரு இளவரசர் மானியம் தரத் தயாராக இருக்கிறார்.

மே 22

'வருந்துகிறோம்.'

மே 23

காரணம் எழுதவில்லை. மேல்முறையீடு கிடையாது. கேட்டுக்கொண்டால் முப்பது நிமிடம் தொலைபேசியில் 'கருத்து' சொல்வார்களாம். 29ஆம் தேதி. எங்கள் இடத்தை எந்தக் கோட்டுக்காரன் பிடித்தான் என்று அன்று கேட்கப்போகிறேன். எனக்கு பயமில்லை.

மே 29

தொலைபேசியை ஸ்பீக்கரில் போட்டு வேலை மேசையில் வைத்திருந்தோம். அதிகாரியின் பெயர் கொரீன். குரல் அவ்வளவு இனிமை. திட்டுவதற்கு இடமே தராத குரல்.

"ரொம்ப நல்லா எழுதியிருந்தீங்க. நிஜமாவே."

"பின்ன என்னங்க?" என்றார் மார்னி.

"மதிப்பீட்டாளர் ஒருத்தர் உங்க வீடியோவப் பாத்திருக்கார். மார்ச் ரெண்டாந் தேதி போட்டது. வேலை முடிந்ததுன்னு தலைப்பு. இது உருவாக்கத்துல இருக்குற கருவிகளுக்கான மானியம். முடிஞ்சதுக்கு இதுல இடமில்லைங்க."

"முடியலைங்க. இருபதாம் நாள் உறைஞ்சுது. நாங்க அனுப்பின தரவுல படத்தோட இருக்கு."

"இருக்கு. அதையும் பாத்தாங்க. அதுதான் இன்னும் சிக்கல் ஆயிடுச்சு. வெளிய ஒண்ணு சொல்றாங்க, எங்ககிட்ட ஒண்ணு சொல்றாங்க, எதை நம்புறதுன்னு எழுதியிருக்காங்க."

டிர்க் குனிந்து தொலைபேசியிடம் கேட்டான்: "சரி, முடிஞ்சதுன்னே வெச்சுக்குவோம். முடிஞ்ச சரக்குக்கு வேற மானியம் இருக்கா?"

"இருக்குங்க. ஆனா அதுக்கு நீங்க குறைஞ்சது பத்துக் கருவி வித்திருக்கணும்."

"வித்திருந்தா உங்க வாசலுக்கு எதுக்குங்க வரோம்?"

"அந்தக் கருத்தக் குறிச்சுக்கிறேன்."

குறித்துக்கொண்டாள். விசைப்பலகைச் சத்தம் கேட்டது.

முப்பது நிமிடத்தில் பதினெட்டு மிச்சம் இருந்தது. மார்னி "நன்றிங்க" என்று சொல்லி வைத்துவிட்டார். என்னைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருந்தது திட்டமிட்டா, தற்செயலா — தெரியவில்லை.

மே 29, பிறகு

நான்தான். நான்தான் பண்ணேன். வேற எவனும் இல்ல, எந்தக் கோட்டுக்காரனும் இல்ல. வேகம் செத்துப்போவுதாம்! எவ சொன்னா? இருபதாம் நாளை வெட்டிப் போட்டேன்ல, அந்த இருபதாம் நாளுக்குத்தான்டி அவங்க காசு குடுக்குறாங்க! பதினேழாவது கேள்விய நானே எழுதுனேன். 'தெரியாது'ன்னு இருநூத்தம்பது வார்த்தை. அப்புறம் நாலு லட்சம் பேர்கிட்ட எல்லாம் தெரியும்னு சொன்னேன்.

முந்நூத்தி நாப்பது வீடியோ பாத்தியே, லேசியா. ஒண்ணுலயாவது அந்தம்மா உடைஞ்சத மறைச்சாங்களா? அதுக்குத்தானே அவங்கள உனக்குப் பிடிச்சுது? என்னத்தப் படிச்ச?

ஜூன் 1

மார்னியிடம் சொல்லிவிடலாம் என்று போனேன். சொல்ல என்ன இருக்கிறது, எல்லோரும் ஸ்பீக்கரில் கேட்டோமே. ஆனாலும்.

"மன்னிச்சிருங்க, மார்னி. உங்ககிட்ட கேட்டுட்டுப் போட்டிருக்கணும்."

"போட்ட அன்னிக்கே பாத்துட்டேன்."

"என்னது?"

"கிணத்துலேந்து திரும்பி வரும்போது, பெட்ரோல் பங்க்ல. ரெண்டு தடவ பாத்தேன். இதயம்கூடப் போட்டேனே, நீ கவனிக்கலயா?" பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு நட்டைத் திருகினார். "அந்த ஐஸ் இல்லாம அது எவ்வளவு நல்லா இருந்துச்சு. இத்தன வருஷத்துல எனக்கு எதுவுமே அவ்வளவு நல்லா இருந்ததில்ல. இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

அவர் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஜூன் 12

பட்டியல் வந்துவிட்டது. ஆறு பேர். ஒரு அமைச்சர், ஒரு ரிப்பன், வெள்ளைத் தொப்பிகள். அதில் ஒன்று எங்களுடையது மாதிரியே வால்வு வாயுவைப் பிடிக்கும் கருவி, நானூறு பேர் வேலை பார்க்கும் கம்பெனி. கருவி இன்னும் இல்லை, வரைபடம் இருக்கிறது. சுருக்கத்தைப் பொதுவில் போட்டிருக்கிறார்கள்: 'கடுங்குளிரில் ஈரம் எங்கே உறையும் என்பது இதுவரை அறியப்படவில்லை. இதைக் கண்டறிவதே திட்டத்தின் முதல் இரண்டு ஆண்டுகளின் நோக்கம்.'

முழங்கை வளைவில். முழங்கை வளைவில் உறையும்! கத்தலாமா? யாரிடம்?

டிர்க் அதைச் சத்தமாகப் படித்தான். "நம்மகிட்ட ஐஸ்கட்டி இருந்துச்சு. அவங்ககிட்ட ஐஸ்கட்டியப் பத்தின கேள்வி இருந்துச்சு. கேள்விக்குத்தான் காசு, பேனா." சிரித்தான். யாரும் சேர்ந்து சிரிக்கவில்லை, அவனும் நிறுத்திவிட்டான்.

ஜூன் 13

அவர்கள் தப்பு செய்யவில்லை. அதுதான் எரிகிறது. விதிப்படி பார்த்தால் கொரீன் சொன்ன ஒவ்வொன்றும் சரி. எனக்கு ஒரு அயோக்கியன் வேண்டும். தேடித் தேடிப் பார்க்கிறேன், கண்ணாடியில் மட்டும்தான் கிடைக்கிறான்.

ஜூன் 20

அடுத்த அழைப்பு இரண்டு வருடம் கழித்து. பட்டறைச் சொந்தக்காரர் இன்னும் இரண்டு மாதம்தான் பொறுப்பார். மார்னி கேம்ப் வேலைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டார். இருபத்தொரு நாள் அங்கே, ஏழு நாள் வீட்டில். வால்வு பார்க்கும் வேலை. பழைய, தும்முகிற வால்வுகள்.

ஜூன் 22

வீடியோவை எடுத்துவிடட்டுமா என்று செய்தி அனுப்பினேன். பதில்: "எடுக்காத. அடியில நடந்தத எழுது."

எழுதினேன். இருபதாம் நாள், முழங்கை வளைவு, ஆறு மணி நேரம், நான் வெட்டியது, எல்லாம். எல்லா கமெண்டுக்கும் மேலே குத்தி வைத்திருக்கிறேன்.

ஜூன் 25

நாலு லட்சத்து முப்பதாயிரம் பேர் பார்த்த வீடியோவின் அடியில் என் குறிப்புக்கு ஒன்பது லைக். ஒருவன்: 'எண்ணெய்க் கம்பெனி இவளுக்கு எவ்வளவு கொடுத்தது?' இன்னொருவன்: 'மார்னியைப் பார்த்துப் பொறாமை.' ஏழு வருடமாக இப்படிப்பட்ட ஆட்களைத்தான் நான் இந்தப் பகுதியிலிருந்து விரட்டிக்கொண்டிருந்தேன். இன்று கை போகவில்லை. இருந்துவிட்டுப் போகட்டும்.

ஜூலை 30

டிர்க்குக்கு டிராக்டர் பழுது பார்க்கும் கடையில் வேலை. போகும்போது என் ஓட்டை விழுந்த ஸ்வெட்டரைக் கேட்டான். "எதுக்கு?" "கை துடைக்க." கொடுத்தேன்.

அம்மா பெரோஹி செய்கிறாள். அதுவும் கோடையில்.

ஆகஸ்ட் 14

இன்று மார்னியின் சேனலில் நான் போட்டது. அவர் கேம்ப்பிலிருந்து படித்துப் பார்த்து, ஒரு எண்ணை மட்டும் திருத்தினார். முப்பத்தாறு என்று எழுதியிருந்தேன், முப்பத்தைந்து என்று மாற்றினார். நகல் இங்கே:

'வரும் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு எங்கள் பட்டறையில் ஏலம். வெல்டிங் மெஷின் இரண்டு. கம்ப்ரெசர் ஒன்று, சத்தம் போடும், ஆனால் ஓடும். வேலை மேசைகள், குழாய்கள், வால்வுகள் ஒரு டிரக் அளவுக்கு. கைக்குட்டை மூன்று: இரண்டு பாதியில் நிற்பவை, ஒன்று முழுமையானது. முழுமையானது வேலை செய்யும். மைனஸ் முப்பத்தைந்துக்குக் கீழே தொடர்ந்து ஓடினால் ஏறக்குறைய இருபதாம் நாள் வெளியேறும் குழாயின் முழங்கை வளைவில் உறைந்து நின்றுவிடும். ஒரு முறை நின்றது. ஏன் அத்தனை நாள் தாங்கியது என்பது எங்களுக்குத் தெரியாது. மார்னியின் குறிப்பேடு அதோடு சேர்த்துத் தரப்படும், தனி விலை இல்லை. டிர்க் அங்கே இருப்பான், என்ன வேண்டுமானாலும் கேளுங்கள். நானும் இருப்பேன்.

ஏலத்துக்கு வர முடியாதவர்கள், குளிரில் வேலை செய்யத் தெரிந்த, ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்த ஒரே ஒரு ஆளுக்காவது இதை அனுப்புங்கள். நாலு லட்சம் பேர் அந்த வீடியோவைப் பார்த்தீர்கள், பகிர்ந்தீர்கள். இதையும் பகிருங்கள்.'